ஆயுசு சாருக்கு ஆயுசு எவ்வளவு?

தொப்!

பாடம் நடத்திக்கொண்டிருந்த புரொபசர் சரிந்து விழுந்தார்.

"மனுஷனோட சாவை முன்கூட்டியே சொல்ல முடியாது... ஆனா..."

அந்த 'ஆனா'வோடு சரி!

வகுப்பில் யாரும் அசையவில்லை. நடித்துக் காட்டுகிறார் என்றே நினைத்தார்கள். கடைசி பெஞ்சில் கைதட்டல் வேறு!

முதல் பெஞ்சுப் பெண்தான் ஓடிப் போய் உலுக்கினாள். அவர் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"ஐயோ... சார்!"

கைதட்டல் நின்றது.

அந்த வகுப்பு படிக்கும் பட்டப்படிப்பின் பெயர் ஆக்சுவேரியல் சயின்ஸ். எந்த வயதில், ஆயிரத்துக்கு எத்தனை பேர் மண்டையைப் போடுவார்கள் என்று கணக்குப் பார்த்து, இன்சூரன்ஸ் கம்பெனி என்ன வசூலிக்கலாம் என்று சொல்லும் படிப்பு. விழுந்தவர் மனித ஆயுளைப் பற்றி நடத்துகிறவர். ஆகவே, ஆயுசு சார். அலறியவள், கூடப் படிக்கிறவர்களின் ஆயுளைக் கேட்காமலே கணித்துச் சொல்கிறவள். ஆகவே, எமகண்டம்!

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே போலீஸும் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள்.

"உயிருக்கு ஆபத்தில்லை. ரத்தத்துல தூக்க மாத்திரை இருக்கு."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"கிளாஸுக்குள்ள அவருக்குக் காபி கொண்டு வந்தது யாரு?"

எல்லாக் கண்களும் தாடியின் பக்கம் திரும்பின.

தாடி, எமகண்டத்தின் வகுப்புத் தோழன். ஆயுசு சாரின் பேப்பரில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன். அன்று காலை கேன்டீனில், "இந்தாளு ஆயுசை நான் முடிக்கிறேன் பாரு!" என்று சபதம் போட்டதை ஊரே கேட்டிருந்தது.

"நான்தான் சார் மாத்திரையைப் போட்டேன். விலங்கை மாட்டுங்க!" கையை நீட்டினான் தாடி.

மாட்டினார்கள்.

"என்னடா... உங்கம்மாவுக்கு போன் போட்டா, பையன் மீன் தொட்டி படிக்கிறான்ங்கறாங்க?"

"ஆக்சுவேரியலை அக்வேரியம்னு நெனச்சுட்டாங்க சார். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். இப்ப பக்கத்து வீட்டுல மீன் செத்தாக்கூட எனக்குத்தான் போன் வருது!"

எமகண்டம் கடிகாரத்தைப் பார்த்தாள். ரெண்டு மணிக்குப் பரீட்சை. காலேஜ் பரீட்சை இல்லை. முழு ஆக்சுவரி ஆவதற்கு டிகிரியோடு சேர்த்து எழுதித் தொலைக்க வேண்டிய வெளிப் பரீட்சை. தலை நரைக்கிற வரைக்கும் எழுதுகிறவர்கள் உண்டு! அவள் இந்நேரம் ஹாலில் இருக்க வேண்டும். ஆனால் தாடியை விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை.

"சார், இவன் பொய் சொல்றான். கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே பெஞ்ச் மேல ஏறி நிக்கிறவன் சார் இவன்!"

"அவனே ஒத்துக்கிட்டாம்மா! டேய்... எத்தனை மாத்திரை போட்டே?"

"ஒரு டப்பா!"

டாக்டரம்மா சிரித்தாள். "ஒரே ஒரு மாத்திரைதான் உள்ள போயிருக்கு. டப்பா போயிருந்தா இந்நேரம் நான் பிணவறை வாசல்ல நின்னிருப்பேன்."

"அப்ப... ஒண்ணு போட்டேன்னு எழுதிக்குங்க சார்!"

எமகண்டத்தின் மூளைக்குள் பொறி பறந்தது.

"சார்! கொல்ல நெனைக்கிறவன் ஒரு மாத்திரையா போடுவான்? பொழைச்சுக்கணும்னு நெனைக்கிறவன்தான் அளந்து போடுவான்!"

"யாரைச் சொல்றே?"

"டாக்டர், ஒரு மாத்திரைக்கு இவ்வளவு நேரம் தூக்கம் வருமா?"

"இந்நேரம் எழுந்து காபி கேட்டிருக்கணும். அதான் எனக்கும் புரியலை."

"எனக்குப் புரிஞ்சிடுச்சு! இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஆக்சுவரி பரீட்சை சார். இந்தப் பரீட்சை வந்தாலே ஆயுசு சார் லீவு போட்டுட்டு வெளியூர் கல்யாணத்துக்குப் போயிடுவார். ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு கல்யாணமா? அங்க போய் யாருக்கும் தெரியாம இதே பரீட்சையை எழுதியிருக்கார்! இந்தத் தடவை எங்க காலேஜே சென்டர். கல்யாணத்துக்குப் போகலை... மயங்கிட்டார்!"

விடுவிடுவென்று உள்ளே போனாள். கட்டிலில் ஆயுசு சார் மூடிய கண்ணைத் திறக்காமல் கிடந்தார். அவர் காதருகே குனிந்தாள்.

"சார்... பரீட்சையை நாளைக்குத் தள்ளி வெச்சுட்டாங்களாம்!"

"ஐயையோ... நாளைக்கா?"

படக்கென்று எழுந்து உட்கார்ந்தது இவ்வளவு நேரம் பிணம் போலக் கிடந்த உருவம்!

இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார்.

"நீங்களேதான் மாத்திரை போட்டீங்களா?"

ஆயுசு சாரின் முகம் தொங்கிப் போயிற்று.

"எல்லாப் பேப்பரும் முடிச்சாச்சுன்னு சொல்லித்தான் சார் வேலைல சேர்ந்தேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி. இந்தத் தடவை பெயிலானா வேலை போயிடும்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரில கிடந்தா இன்னொரு சான்ஸ் கிடைக்கும். அதுக்கும் மேல..."

எமகண்டத்தைப் பார்த்தார். கண் கலங்கியது.

"நான் சொல்லிக் கொடுத்த பொண்ணு பாஸாகி, நான் பெயிலாகி... எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு போர்டு முன்னாடி நிப்பேன்?"

எமகண்டத்துக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

"உங்களால ஒருத்தன் விலங்கோட உட்கார்ந்திருக்கான் சார்!"

"அவன் மேல பழி விழும்னு சத்தியமா நெனைக்கலைம்மா!"

இன்ஸ்பெக்டர் சட்டென்று வெளியே வந்து தாடியின் சட்டையைப் பிடித்தார்.

"நீ ஏன்டா செய்யாததை ஒத்துக்கிட்டே? யாரைக் காப்பாத்தப் பார்த்தே?"

"என்னைத்தான் சார்! ரெண்டு மணிப் பரீட்சை எனக்கும் இருக்கே... ஒரு எழுத்துப் படிக்கலை. பெயிலானா அப்பா கொன்னுடுவார். ஜெயிலுக்குப் போனா வக்கீல் வெப்பார்!"

இன்ஸ்பெக்டர் வாசலைக் காட்டினார்.

"ஏறுங்க எல்லாரும் ஜீப்புல!"

"ஸ்டேஷனுக்கா சார்?" என்றான் தாடி, ஆவலாக.

"பரீட்சை ஹாலுக்கு!"

"ஐயா... ஸ்டேஷனுக்கே போயிடலாமே!" கும்பிட்டார் ஆயுசு சார்.

சைரன் அலற, ஜீப் பறந்தது.

ஹால் வாசலில் சூப்பர்வைசர் மறித்தார். ஆஸ்பத்திரி உடையில் ஒருவர்... விலங்கோடு ஒருவன்... நடுவில் மூச்சிரைக்க ஒரு பெண். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எமகண்டமும் ஆயுசு சாரும் ஹால் டிக்கெட்டை நீட்டினார்கள்.

"உன்னுது எங்கப்பா?"

"கிழிச்சுப் போட்டுட்டேனே!" தாடியின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் வெளிச்சம்!

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு சூப்பர்வைசரிடம் கேட்டார்...

"ஹால் டிக்கெட்டுக்குப் பதிலா... அரெஸ்ட் வாரண்ட் எழுதித் தர்றேன், செல்லுமா?"