மேடேறிய தீக்குழம்பு

எரிமலைக் குழம்பு மேடேறிக்கொண்டிருந்தது.

முதல் தாளில் அதைக் கண்ட விவேகானந்தன் தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்தார். எண்பத்து மூன்று ஜூலை. கொழும்பில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் கண்டிக்கும் வருகிறது என்ற பேச்சில் மாணவர்கள் காலையிலேயே போய்விட, பஸ்ஸும் நின்றுபோக, புவியியல் விரிவுரையாளரான அவர் மட்டும் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அறையில், அச்சு இயந்திரத்தின் கிறீச்சொலியையும் சூடான மை மணத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இலங்கையில் எரிமலைக்கு எங்கே போவது? குழம்பு வழியும் பாதையைக் கணிக்கத் தான் எழுதிய புரோகிராமைப் பரிசோதிக்க ஒரு மலை வேண்டுமே என்று, கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் தான் குடியிருக்கும் மலையின் உயரங்களையே வரைபடத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். ஒரு கட்டத்துக்கு ஒரு வீட்டு வளவு. குழம்பு தொட்ட கட்டத்தில் நட்சத்திரம் விழும். மனைவி கமலாசனிக்குக் காட்டிச் சிரிக்கலாமென்று சொந்த வீட்டில் மட்டும் ஒரு வட்டம்.

உச்சியில் புறப்பட்டு மகாவலி ஆற்றில் இறங்க வேண்டிய குழம்பு, கீழே ஆற்றுப் பாலத்தடியில் தொடங்கியிருந்தது. புவியீர்ப்புக்குக் கொடுத்த கூட்டல் கழித்தல் குறியைப் பார்த்தார். சரியாகவே இருந்தது. அடுத்த தாள் வந்தது. குழம்பு ஒரு கடையைத் தொட்டு, பக்கத்துக் கடைகள் மூன்றை விட்டு, அடுத்ததைத் தொட்டது. முதலில் தொட்டது நடராஜாவின் கடை, அடுத்தது இன்னொரு தமிழருடையது. விட்டவை சிங்களவர்களுடையவை.

வீட்டுக்கு டெலிபோன் எடுத்தார்.

"இஞ்ச ஒரே புகை மணமப்பா," என்றாள் கமலாசனி. "நடராஜா அண்ணையின்ர கடையாம்."

தாளைப் பார்த்தார். தன் வீட்டுக்கு இரண்டு கட்டம் கீழே நட்சத்திரம். பக்கத்துச் சிங்களப் பெண் குசுமாவின் வீடு வெள்ளையாக இருந்தது.

"குசுமா வீட்டை போம். இப்பவே. ஒண்டும் எடுக்க வேண்டாம்."

"அவை பாவம், எங்களால அவைக்கும்..."

"போம் எண்டு சொல்லுறன்."

ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. அவர் மூச்சு விட்டார். குசுமா நல்ல மனுஷி, ஒளித்து வைப்பாள்.

இயந்திரம் மறுபடி கிறீச்சிட்டது.

தன் வீட்டில் இட்டிருந்த வட்டம் இப்போது குசுமா வீட்டில் இருந்தது.

அவர் எதையும் மாற்றவில்லை. விசைப்பலகையைத் தொடக்கூட இல்லை.

டெலிபோனைச் சுழற்றினார். குசுமா வீட்டில் டெலிபோன் இல்லை. தெரியும். தன் வீட்டுக்கே சுழற்றினார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த தாள். நட்சத்திரம் அவர் வீட்டு வாசலுக்கு வந்து, குசுமா வீட்டுப் பக்கம் திரும்பியது. அச்சு இயந்திரத்தின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

அச்சு நிற்கவில்லை.

கடைசித் தாள். அவருடைய வீடு வெள்ளை. அதைச் சுற்றி ஒரு புள்ளிகூட இல்லை.

வட்டம் எங்கும் இல்லை. குசுமா வீட்டில் ஒரு நட்சத்திரம்.

விரலை வைத்துப் பார்த்தார். சுட்டது. காதில் இடுக்கியிருந்த ரிசீவரில், ஆளில்லாத தன் வீட்டின் மணி அடித்துக்கொண்டேயிருக்க, அந்த ஒரு கட்டம் மட்டும் பழுப்பாகி, கருகி, தாளின் நடுவில் மெல்லப் புகைந்தது.