காலை வரை ஊறட்டும்

அம்மா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், பெஞ்சில். இருபத்திரண்டு நாளாக இப்படித்தான்.

முன்பெல்லாம் பள்ளி விட்டதும் நான் ஆய்வகத்துக்கு வருவேன். ஐந்து மணிக்கு அம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவாள். இருவரும் பேசிக்கொண்டே நடந்து போவோம். நான் பேசி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும். அது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த குறை.

இப்போது அப்பா வண்டியில் வந்து கூட்டிப்போகிறார். வழியில் எதைச் சொன்னாலும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "என்னது? என்னது?" என்பார்.

எல்லாம் அந்தச் சவ்வால் வந்தது. பெயிண்ட் தொழிற்சாலையில் பாத்திரம் கழுவும் இரண்டு திரவங்கள் ஒன்றாகக் கலந்துவிடுமாம். இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். காய்ச்சிப் பிரித்தால் எரிபொருள் ஏகமாகச் செலவாகும். அம்மா செய்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வோ ஒன்றை மட்டும் தன் வழியாக விடும், மற்றதை நிறுத்திவிடும். ஆனால் தினமும் ஓரத்தில் ஒழுகி, இரண்டும் மறுபடி கலந்துவிடுகின்றன.

இருபத்திரண்டாம் நாளும் ஒழுகியது. அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"அப்பாவுக்கு போன் பண்ணவா, சுண்டு?"

"நீ வரமாட்டியாம்மா?"

"இன்னொன்னு வெட்டி மாட்டிப் பாக்கணும்டா."

அம்மா முகத்தைப் பார்க்காமல் கண்ணாடி வழியே மேசையைப் பார்த்தேன். தட்டில் கிடந்த சவ்வு ஓரமெல்லாம் நெளிநெளியாக இருந்தது.

"அது ஏன் அப்படி நெளிஞ்சிருக்கு?"

"கனகச்சிதமா வெட்டித்தான் மாட்டுறேன். கழட்டும்போது இப்படி ஆயிடுது. ரொம்ப இறுக்கித் திருகிட்டேனோ என்னவோ."

"வாட்டர்கலர் அடிச்சா என் தாளும் இப்படித்தான் ஊறி நெளியும். அதனால முதல்லயே நனைச்சு, நல்லா ஊறினப்புறம்தான் அட்டையில ஒட்டுவேன். நீ காய்ஞ்சதையேவா மாட்டுற?"

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். கையுறை மாட்டிக்கொண்டு, புதுச் சவ்வையும் நெளிந்ததையும் அளந்தாள். நெளிந்தது மற்றதைவிட ஒரு விரல் நகத்தின் அகலத்துக்குப் பெரிதாகியிருந்தது.

"முன்னாடி வேற பிளாஸ்டிக்ல செஞ்ச சவ்வு இவ்வளவு ஊறாது. அந்த நெனப்புலயே இதையும் காய்ஞ்சபடியே வெட்டி மாட்டிட்டேன். உள்ள ஊறிப் பெருசாகி, நெளிஞ்ச ஓரத்துல ஒழுகுது" என்று சிரித்தபடி வந்தாள். "இத்தனை நாளா என் கண்ணுல படல பாரு."

"எவ்வளவு நேரம் ஊறணும்?"

"காலை வரைக்கும்."

"அதுவரைக்கும் நீ பக்கத்துலயே இருக்கணுமா?"

அம்மா உள்ளே போய்ப் புதுச் சவ்வைத் திரவத்தில் போட்டு மூடினாள். கையைக் கழுவினாள்.

"அப்பாவை வரவேணாம்னு சொல்லிடு" என்றாள்.

மறுநாள், ஊறிய பிறகு வெட்டி மாட்டியதில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த மாலைதான். இருபத்திரண்டு நாள் கதை பாக்கி இருந்தது. பாதிகூடச் சொல்லவில்லை, அதற்குள் எங்கள் தெருமுனை வந்துவிட்டது.

அம்மா வீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு சுத்து சுத்திட்டு வரலாமா?"

நாங்கள் வீட்டைத் தாண்டி நடந்தோம்.