தேறியவரின் மகள்

அழுகைக்கு ஏற்றது காலை வெயில்தான் என்பது தாட்சாயணியின் கட்சி. அதனால், காந்திபுரத்தில் அவள் நடத்தும் மனநல ஆலோசனை நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்களை எல்லாம் காலையிலேயே கிழக்கு ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவாள். "மனசுல இருக்கறதச் சொல்லு கண்ணு" என்பாள். அவர்கள் உடைந்து அழும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அடியில் நிலையத்தின் பெயரைப் போட்டு, ஊரே பார்க்கும் முகவீதி வலைத்தளத்தில் ஏற்றிவிட்டுத்தான் காப்பியே குடிப்பாள். அந்தப் படத்துக்கு 'முன்' என்று பெயர். தேறிய பிறகு அதே ஆள் அதே நாற்காலியில் சிரிப்பதை எடுத்து ஏற்றினால் அது 'பின்'.

அவளை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை, சட்டமே அப்படி. முன்பெல்லாம் ஆளாளுக்கு வலைத்தளத்தில் கவலை போக்குகிறேன் என்று கடை விரித்து ஊரை ஏமாற்றினார்கள். பொறுத்துப் பார்த்த அரசாங்கம், குணமாக்கியதை ஊரறியக் காட்டுகிறவருக்குத்தான் உரிமம் என்று சொல்லிவிட்டது. காட்டாமல் செய்கிற சிகிச்சை திருட்டு வைத்தியம். 'பின்' வந்தவர் மறுபடி அழுதால் அது மோசடி. தெருமுனை, பேருந்து, வீட்டுக் கூடம், குளியலறை என்று எல்லா இடத்திலும் பதித்திருக்கும் முகக்கண் என்ற அரசாங்கக் காமிரா அதைக் கவனித்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். நல்ல எண்ணத்தோடு சட்டம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

தாட்சாயணியின் 'பின்'களில் நட்சத்திரம் கார்வேந்தன். பழுதான மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மனைவி சுகுணா இறந்தபோது அவன் தலையிலடித்துக்கொண்டு கதறிய 'முன்' ஊரையே உலுக்கியது. அந்தச் சமயம் பார்த்து எதிர்ச்சாரியில் இன்னொருத்தி நிலையம் திறக்கப்போவதாகப் பேச்சு வந்தது. தாட்சாயணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் துக்கம் பாதிகூட ஆறாதபோதே சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்து ஏற்றிவிட்டாள். பேச ஒரு ஆள் கிடைத்த நன்றியில் அவனும் சிரித்துத் தொலைத்தான். பேருந்துகளின் முதுகில்கூட அந்தச் சிரிப்பை ஒட்டினார்கள்.

கொஞ்ச நாளில் அவன் திரும்ப வந்து நின்றான்.

"மேடம், அழுகாச்சி வருதுங்க. ஒருக்கா நல்லா அழுதுட்டன்னா சரியாப் போயிருமுங்க."

"மேல முகக்கண் இருக்குது. சிரிச்சுட்டே பேசு கண்ணு."

சிரித்துக்கொண்டே மறுபடியும் அதையே சொன்னான்.

"நீ அழுதா என் உரிமம் போயிரும். அதக்கூட விடு" என்றாள் தாட்சாயணி. "உனக்குத் 'திரும்பியவர்'னு பேர் வந்துரும். திரும்பியவர் வீட்டுல குழந்தைய விட்டு வைக்க மாட்டாங்க. மிருதுளாவ அரசு விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. பரவால்லியா?"

மிருதுளா அவனுடைய ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள். அவளை விட்டால் அவனுக்கு வேறு யாருமில்லை.

தாட்சாயணிக்கு அவன்மேல் பரிவு இல்லாமல் இல்லை. பரிவோடுதான் முகம் அசையாமல் அழும் வித்தையைக் கற்றுக்கொடுத்தாள். தொண்டைக்கு வருவதை எச்சிலோடு விழுங்க வேண்டும். கன்னத்தைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். மீறிக் கண்ணில் தண்ணீர் கட்டினால் உடனே பெரிதாகக் கொட்டாவி விட வேண்டும். கொட்டாவியில் வரும் கண்ணீரை முகக்கண் கணக்கில் எடுக்காது. வித்தை கைவரும்வரை அவனைக் கண்ணாடிமுன் நிற்க வைத்துப் பழக்கினாள்.

"பாப்பாகிட்ட மட்டுமாச்சும் சொல்லிரட்டுங்களா?"

"சொல்லீராதே. தேறியவங்க பிள்ளைகள பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு, அப்பா எப்படி இருக்காருன்னு கேப்பாங்க. சின்னப்புள்ள, உளறிருவா."

அவன் சொல்லவில்லை. ராத்திரி மிருதுளா தலையணையில் முகம் புதைத்து அழும்போது பக்கத்தில் போய்ச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பான். "அம்மா வெச்ச ரசம் மாதிரி யாருக்குமே வராதுல்லப்பா?" என்று கேட்டால் எச்சிலை விழுங்குவான். சுகுணாவின் வருஷ திதியன்று, பிண்டம் வைக்கச் சொல்லி ஐயர் அவள் பெயரைச் சொன்னபோது வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். மிருதுளா அதைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அப்புறம் சாப்பாட்டையும் நிறுத்தினாள்.

ஆலோசகரிடம் காட்டியாக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். வேறு நிலையங்களுக்குப் போனால் தேறியவர் மகளுக்கு ஏன் இந்தக் கதி என்று துருவுவார்கள். வேறு வழியில்லாமல் தாட்சாயணியிடமே கூட்டி வந்தான்.

"படம் மட்டும் வேண்டாமுங்க மேடம். பச்சப்புள்ளைங்க."

"காட்டாம வைத்தியம் பண்ண முடியுமா கண்ணு? ஒண்ணு செய்யலாம். நீயும் பக்கத்துலயே உக்காரு. முன்னும் பின்னும் ஒரே படத்துல, அப்பனும் மகளுமா. இதுவரைக்கும் யாரும் பண்ணுனதில்லை."

கிழக்கு ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். வெயில் பிரமாதமாக விழுந்தது. கார்வேந்தன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மனசுல இருக்கறதச் சொல்லு கண்ணு."

மிருதுளா ஒரேயடியாகக் கொட்டினாள். "எங்கப்பாவுக்கு அம்மா செத்தது கவலையே இல்லீங்க. திதியன்னிக்குக் கொட்டாவி விட்டாருங்க. நாஞ் செத்தாலும் இப்படித்தான் சிரிச்சுட்டு இருப்பாரு. எனக்கு இவரு வேண்டாம். என்னைய விடுதிக்கு அனுப்பிருங்க மேடம். இந்தச் சிரிப்பைப் பாத்துட்டு என்னால சோறு திங்க முடியலீங்க."

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். தாயைப் பறிகொடுத்த குழந்தை வேறு எப்படி அழும்?

யாரைத் தக்க வைக்க இத்தனை நாள் அழாமல் இருந்தானோ அவளே போகிறேன் என்கிறாள். இனி முகக்கண்ணுக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? கார்வேந்தன் முடிவு செய்துவிட்டான். உரிமம் போகட்டும், 'திரும்பியவர்' என்று ஊரே சொல்லட்டும், மகள் ஒருமுறை பார்த்தால் போதும். அவள் கையைப் பிடித்தான். "கண்ணு, அப்பாவப் பாரு" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணில் நீர் கட்டியது. அழுவதற்காக வாயைத் திறந்தான்.

நீளமாக ஒரு கொட்டாவி வந்தது.

கையை உதறிக்கொண்டு, "பாத்தீங்கல்ல மேடம்?" என்றாள் மிருதுளா. அவன் மறுபடியும் முயன்றான். கன்னம் தானாக மேலே ஏறிச் சிரித்தது.

தாட்சாயணி அன்றைக்கு ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. கொட்டாவியோடு முழுசாக ஏற்றினாள். முகக்கண் தகப்பன் முகத்தைச் சோதித்து, 'நலம்' என்று குறித்தது. அதற்கப்புறம்தான் அவள் காப்பி கொண்டுவரச் சொன்னாள்.