வேங்கையனுக்கு விழுந்த இருபது

ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்கு வேங்கையன் செத்தான்.

பிணம் என்று எதுவும் கிடையாது. சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், டென்னிஸின் மாடி வீட்டில் வாராவாரம் நடந்த விளையாட்டில் அவன் ஒரு பாத்திரம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போகிற விளையாட்டு அது. கதையில் ஆபத்து வந்தால் இருபது முகம் கொண்ட பகடைதான் தீர்ப்புச் சொல்லும். கதையை நடத்துகிறவன் டென்னிஸ். எதிரிகளுக்கான பகடையை அவன் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால், எவர்சில்வர் தட்டில் உருட்டுவான். விழுந்த எண் அவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். எண் பெரிதானால் அடியும் பெரிது. இருபது விழுந்தால் உயிர் தப்பாது.

வேங்கையனை உருவாக்கியவன் வனமாமலை. நாங்குநேரிக்காரன். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. போன வருடம் பைக்கில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனான். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் மாரிசெல்வம் கை முறிந்ததோடு பிழைத்துக்கொண்டான். அவனும் இதே மேசையில் ஒரு வில்லாளியாக ஆடுகிறவன்.

சில மாதம் கழித்து வனமாமலையின் தங்கை சுகப்பிரியா இந்தப் பக்கமே வேலைக்கு வந்தாள். அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனின் வேங்கையனை ஆடினாள். அவன் பேசியதுபோலவே பேசினாள், அவன் சிரித்ததுபோலவே சிரித்தாள். விபத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டென்னிஸின் அக்கா பெனிட்டா போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். அன்று டூட்டி முடிந்து வந்தவள், படிக்கட்டில் இறங்கி வந்த மாரிசெல்வத்தைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாடா ஆச்சு?"

"ஊருக்குப் போறேங்க்கா. வேலைய விட்டுருதேன். இனிமே அந்தப் பிள்ள முகத்துல முழிக்க முடியாது."

"மேல வா. இன்னான்னு பாத்துட்டு அப்புறம் போ."

மேலே டென்னிஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரம் நின்ற சுகப்பிரியா, மாரிசெல்வத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ சொல்லு சுகா," என்றாள் பெனிட்டா.

"பாலம் அறுந்துக்கிட்டு இருந்துச்சுக்கா. இவியளோட வில்லாளி முதல்ல ஓடி அக்கரைக்குப் போயிட்டான். பின்னால வந்த வேங்கையனைப் பூதம் அடிச்சிட்டு. இருபது. செத்துட்டான். பகடை புதுசு, இவிய வாங்கிக் குடுத்தது. அன்னைக்கும் இவிய மட்டும் தப்பிச்சாவ. இன்னைக்கும் அப்படித்தான்."

மாரிசெல்வம் சுவரில் சாய்ந்துகொண்டான்.

பெனிட்டா பகடையை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, பகடையை அதில் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைத்தாள். ஒரு பக்கம் கனம் வைத்த பகடையாக இருந்தால், எத்தனை தடவை சுண்டிவிட்டாலும் ஒரே முகம்தான் மேலே வரும். சுண்டினாள். ஏழு. மறுபடியும். பதினாறு. மறுபடியும். இரண்டு.

"பகடைல கோளாறு இல்ல. மாரி, இப்படி வா."

சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"பூதம் அடிச்சப்போ ஃபேன் ஓடுச்சா?"

"இல்லக்கா. கரண்ட் போயிருந்துச்சு."

"யாராச்சும் பேசினீங்களா?"

"மூச்சே விடல. பக்கத்து வீட்டுல யாரோ இருமுனதுகூடக் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"டென்னிஸ் அட்டைக்குப் பின்னால குனிஞ்சான். நிமிந்து இருபதுன்னான்."

அடுத்து சுகப்பிரியா.

"உனக்கு இன்னா கேட்டுச்சு?"

"யாரோ இருமுனாவ. அப்புறம் டென்னிஸண்ணன் இருபதுன்னாவ."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்லக்கா."

பெனிட்டா வெளியே வந்தாள். அட்டைத் தடுப்பை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். பகடையைத் தட்டில் போட்டாள். கலகலவென்ற சத்தத்தில் சுகப்பிரியா துணுக்குற்றாள்.

"பக்கத்து வூட்டு இருமல் ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கு. கண்ணெதிரே இருக்கிற தட்டுல இந்தச் சத்தம் ரெண்டு பேருக்குமே கேக்கல. எண் இன்னா விழுந்துச்சுன்னுதான் எல்லாரும் யோசிச்சீங்க. விழுந்துச்சான்னு யாரும் யோசிக்கல." தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ பகடைய உருட்டவே இல்ல, டென்னிஸ். வேங்கையனைக் கொன்னது நீதான்."

டென்னிஸ் தட்டைப் பார்த்தான்.

"ஆமாக்கா," என்றான். "உருட்டல."

"ஏண்ணே?" என்றாள் சுகப்பிரியா.

"நீ வந்த நாள்லேர்ந்து பொய் சொல்லிக்கினு இருந்தேன் சுகா. வேங்கையன் எத்தினியோ தடவ செத்திருக்கணும். பதினெட்டு விழுந்தா நாலும்பேன். இருபது விழுந்தா மூணும்பேன். உனக்காகத்தான். போன வாரம் நீ இன்னா சொன்ன? ஞாயித்துக்கிழம மட்டும் எங்கண்ணன் உயிரோட இருக்கான்னு சொன்ன. அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. உன்னைய நான்தான் இங்க புடிச்சு வச்சிக்கினு இருக்கேன்னு தோணுச்சு."

"அத இவகிட்ட நேரா சொல்லியிருக்கணும்," என்றாள் பெனிட்டா. "உனக்குத் தைரியம் இல்ல. பகடை மேல பழியப் போட்ட. அது போய் இவன் தலைல விழுந்துச்சு."

டென்னிஸ் மாரிசெல்வத்தை நிமிர்ந்து பார்க்க முயன்றான். முடியவில்லை.

"மன்னிச்சுக்கடா."

மாரிசெல்வம் தலையை மட்டும் அசைத்தான்.

"சுகா, உருட்டாத பகடைக்கு சாவு கெடையாது," என்றாள் பெனிட்டா. "நீ சொன்னா, வேங்கையன் எழுந்துக்கலாம். உன் இஷ்டம்."

மின்சாரம் வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. சுகப்பிரியா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் கடைசியில். "கிடக்கட்டும்."

பிறகு மாரிசெல்வத்தின் எதிரே போய் நின்றாள்.

"மாரியண்ணே, நான் பேசுனது தப்பு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்ட நான் கேட்டதே இல்ல. கேட்டா அவன் செத்தது நிசமாயிரும்னு பயம். இப்பச் சொல்லுங்க. அவன் கடைசியா என்ன பேசுனான்?"

மாரிசெல்வம் அவளை நேராகப் பார்த்தான்.

"வல்லம் வடகால் தாண்டுனதும், டீ குடிச்சிட்டுப் போவமாலேன்னு கேட்டான். ஷிப்டுக்கு லேட்டாயிரும்னேன். நான் மட்டும் சரின்னு சொல்லியிருந்தா..." நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். "அவன் அதத் தப்பா ஒண்ணும் நினைக்கல. உன்னையப் பத்தித்தான் பேசிட்டு வந்தான். தங்கச்சிக்கு ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன்லே, ஜன்னலத் தொறந்தா ஏரி தெரியும்னான். அதுக்குள்ள லாரி வந்துட்டு."

சுகப்பிரியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பொத்தாமல் அழுதாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. பெனிட்டா மட்டும் அருகில் போய் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து சுகப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த ஏரி?"

"பக்கந்தான். வெயில் தாழ நடந்தே போயிரலாம்," என்றான் மாரிசெல்வம்.

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். டென்னிஸ் மேசையருகே அசையாமல் நின்றிருந்தான். வாசல்வரை போனவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இன்னும் இருந்தது.

"நீங்களும் வாங்க," என்றாள்.