காய்ச்சலில் செத்தவன்

ஹெப்ரான் ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் இறங்கி, அணைக்கட்டைத் தாண்டி அந்தப் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். இந்த ஆற்றங்கரை வயல்களோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளைப் பற்றி ஆறு வருடமாக நாவல் எழுதுகிறான். அதற்கான ஆதாரம் முழுக்க இந்த வீட்டு ஓலைக்கட்டுகளில் கிடந்தது.

வீட்டுக்காரர் இசக்கிமுருகன் முதல் கட்டை மட்டும் கொடுத்தார். ஹெப்ரான் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ஓலையில் தடவித் துடைத்தான். எழுத்துகள் கறுத்து மேலே வந்தன. வெள்ளைச்சி என்ற அடிமைப்பெண் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொன்ன வாக்குமூலம். அது அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ச் சேராமல் இந்த வீட்டுப் பரணிலேயே அமுக்கப்பட்டது.

‘விதைநெல்லில் ஒரு பிடி தின்றான் என்று என் மகன் சுடலையின் கையைக் கல்லில் வைத்து உலக்கையால் இடித்தார்கள். விரல் விரலாக. ஏழு வயது. மூன்றாம் நாள் செத்தான்.’

“இடிச்சது எங்க பாட்டனுக்குப் பாட்டன்தான் வே,” என்றார் இசக்கிமுருகன், வெற்றிலையை மென்றபடி. “காய்ச்சல்ல செத்தான்னு எழுதும். மிச்ச நாப்பது கட்டும் தாரேன்.”

“ஓலை வேற சொல்லுதே அண்ணாச்சி.”

“நீரு கதைதான எழுதுதீரு? கோர்ட்டுலயா சாட்சி சொல்லப் போறீரு?”

சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

நாற்பது கட்டு. அவை இல்லாமல் நாவல் இல்லை. ஹெப்ரான் இடது கையால் நோட்டை அழுத்திப் பிடித்து எழுதினான்: ‘சுடலை காய்ச்சல் கண்டு செத்தான்.’

தொம்.

தரை அதிர்ந்தது. தவிட்டு வாடை எழுந்தது. அதற்கடியில் பச்சை ரத்தத்தின் கவிச்சி.

அவனுடைய இடது சுண்டுவிரல் நோட்டின் மேல் தட்டையாகக் கிடந்தது. நகம் தெறித்துவிட்டது.

கையை இழுத்தான். வரவில்லை. மணிக்கட்டை ஏதோ பிடித்திருந்தது.

தொம்.

மோதிரவிரல் பிளந்து எலும்பு வெளுத்துத் தெரிந்தது. அலறினான். காதருகே ஒரு பெண் மூச்சுவிட்டாள்.

“எழுது.”

வலது கையால் அந்த வரியை அடித்தான். ஓலையில் இருந்ததை அப்படியே எழுதினான். கடைசிச் சொல் முடிந்ததும் பிடி விட்டது.

அலறல் கேட்டு ஓடிவந்த இசக்கிமுருகன் அவன் கையைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தார்.

“எங்க வீட்டுல உக்காந்துகிட்டு எங்க பாட்டனையே கொலகாரன்னு எழுதுதியோலே?”

தாளைக் கிழிக்கக் கை வைத்தார்.

கை அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தொம். தொம். தொம்.

அவசரமே இல்லை. ஒவ்வொரு விரலாக, நெல் குத்துகிற நிதானத்தோடு விழுந்தது. ஐந்தாவதற்கு அவருக்கு அலறக் குரல் இல்லை. சரிந்து விழுந்தார். உள்ளங்கையில் தொங்கியதை இனி விரல் என்று சொல்ல முடியாது.

ஹெப்ரான் வலது கையாலும் பல்லாலும் துண்டைச் சுற்றி அவர் கையைக் கட்டினான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். பிறகுதான் தரையைப் பார்த்தான்.

வாசலிலிருந்து ஈரச் சேற்றுக் காலடிகள் வந்திருந்தன. பெரியவை, சின்னவை, கைக்குழந்தையைச் சுமந்தவளுடையவைபோல் அழுந்தப் பதிந்தவை. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல், அவன் நாற்காலிவரை.

திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை.