சிவப்பு எரியாத ஆஸ்பத்திரி

செவலூர் ஆஸ்பத்திரியில் பிழைகாணியின் சிவப்பு விளக்கு எரிந்து இரண்டு வருடமாகிறது. 'மாவட்டத்திலேயே பாதுகாப்பான சிகிச்சை' என்று வாசலில் பலகை வைத்துவிட்டார்கள். பேச்சித்தாய்க்கு அந்தப் பலகையைப் பார்த்தாலே சந்தேகம். தீப்பெட்டி ஆலையில் தரம் பார்க்கிறவள் அவள். ஆயிரம் குச்சியில் பத்துக் குச்சியாவது பற்றாமல் போகும். ஒன்றுகூடப் போகவில்லை என்று எவளாவது எழுதிக் கொடுத்தால், அவள் உரசியே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பிழைகாணி, டாக்டரின் மேஜைமேல் சம்படம் என்கிற சின்ன டப்பா அளவில் உட்கார்ந்திருக்கும். நோயாளி சொல்வதையும் டாக்டர் பெயர் சொல்லிக் கொடுக்கும் மருந்தையும் கேட்டு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் மருந்து அலமாரி தானே பூட்டிக்கொள்ளும். பிறகு மேலிடத்து ஆள் வந்து விசாரித்தால்தான் திறக்கும்.

அவள் கணவன் மாடக்கண்ணு இந்த மாதம் மூன்று முறை வந்துவிட்டான். மூன்று முறையும் சளி மருந்துதான் கிடைத்தது. இன்னும் படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டாக்டர் ஜெபக்கனி அந்தப் பெட்டியை ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டிய பேச்சித்தாய், நான்காம் முறை தானும் கூட வந்தாள்.

வரிசையில் அடுத்த தெரு வடிவு இருந்தாள்.

"அண்ணனுக்கு என்ன மைனி?"

"நெஞ்சு வலிக்குங்காவ."

"மெல்லப் பேசுங்க! உள்ள போய் அப்படிச் சொல்லிராதீய. சளின்னு சொல்லுங்க. பெரிய நோயைச் சொல்லி மருந்து கொஞ்சம் மாறி, இந்த டாக்டரம்மாவுக்குச் சிவப்பு விழுந்து பூட்டிட்டாங்கன்னா, அடுத்த டாக்டருக்கு நாப்பது கிலோமீட்டர் போகணும்."

"நீ என்ன சொல்லுவ?"

"எனக்குச் சர்க்கரை. அசதின்னு சொல்லுவேன். சத்து மாத்திரை தருவாவ."

"அப்போ சர்க்கரைக்கு?"

"எங்க அக்கா மாத்திரையில பாதியை ஒடிச்சு முழுங்கிக்கிடுவேன்."

வரிசை சிரித்தது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பேச்சித்தாய் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் சளின்னுதான் சொன்னீயளா?"

"எல்லாரும் சொல்லச் சொன்னாவ," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. "நம்மளால பூட்டிட்டா ஊர்ல தலைகாட்ட முடியுமா?"

அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் வரிசையை மீறி அவனை உள்ளே இழுத்துப் போனாள்.

"டாக்டரம்மா, இவுகளுக்குச் சளி இல்ல. ஒரு மாசமா நெஞ்சு வலி. இப்ப கையும் வலிக்குங்காவ."

ஜெபக்கனி எழுந்து வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அவர் முகம் மாறியது. "ஏன் முதல்லயே சொல்லல? இந்த ஊர்ல யாருக்கும் பெரிய நோயே வராதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!" என்றபடி அலமாரிக்கு ஓடினார்.

பிழைகாணி அவரை முந்திக்கொண்டது. ஒரு மாத நெஞ்சு வலிக்கு மூன்று முறை சளி மருந்து. பழைய பதிவுகளைத் திருத்தியது. சிவப்பு. சிவப்பு. சிவப்பு. அலமாரி பூட்டிக்கொண்டது.

"மருத்துவர் விலகி நிற்கவும்," என்றது பெட்டி. "நோயாளியின் பாதுகாப்பு கருதி."

ஜெபக்கனி கதவைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மாடக்கண்ணு நாற்காலியில் சரிந்தான்.

"மாத்திச் சொல்லுங்க மைனி!" வாசலிலிருந்து வடிவு கத்தினாள். "அதுக்கு நம்ம வாய்தான் சாட்சி!"

பேச்சித்தாய் பெட்டிக்கு முன்னால் குனிந்தாள். ஆலையில் ஒரு நாள்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவள் அவள்.

"தெரியாமச் சொல்லிட்டேன். சளிதான்."

சொன்னதும் கொடுத்ததும் பொருந்திவிட்டதால் மூன்று சிவப்பும் பதிவிலிருந்தே அழிந்து, விளக்குகள் பச்சையாயின. அலமாரி திறந்தது. டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்லாமல் மாத்திரையை எடுத்து அவனை மென்று விழுங்க வைத்தார். பெட்டிக்குக் கேட்காத தூரத்துக்கு, தாழ்வாரத்துக்கு ஓடி, ஆம்புலன்ஸுக்குப் பேசினார்.

"மாரடைப்பு. உடனே வண்டி அனுப்புங்க."

மறுமுனையில் பதிவைப் புரட்டும் சிறு இடைவெளி.

"மாடக்கண்ணுதானே? ஒரு நிமிஷம் முன்னாடிதான் சளின்னு உறுதியாகியிருக்கு, டாக்டர்," என்றது கனிவான குரல். "மத்த ஊர்னா பதிவைச் சந்தேகப்பட்டு வண்டி அனுப்புவோம். உங்க பதிவு தப்பாதே."