சுவரில் புதுப் படம்

"என் மருமகன் வேணும்னே கெடுத்துட்டான். எப்படின்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றார் எம்பிராய்டரிக் கடை முதலாளி.

இரண்டு நாள் முன்பு மாமனாருக்கும் மருமகனுக்கும் வாய்த்தகராறு. கம்ப்யூட்டர் சொல்படி நேற்றுக் கடை சாத்தும்வரை ஒழுங்காகத் தைத்த இயந்திரம் காலையில் அசையவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட வேறென்ன வேண்டும்? தையல்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மருமகனைத் துரத்திவிட்டார். வீட்டில் மகளும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அம்மாள், பை தூக்க வந்த கணவரோடு உள்ளே வந்தார். அந்த மனிதருக்குப் பார்த்தவரெல்லாம் குற்றவாளிதான். மருமகன் வைரஸ் விட்டிருப்பார் என்று காதைக் கடித்தார். அம்மாள் திரையைப் பார்த்தார், பிறகு அறையைப் பார்த்தார். சுவரில் பல் விழுந்த பேத்தியின் வண்ணப் படம், தாளில் அச்சடித்தது, புத்தம் புதிது. அதன் கீழே துணி போர்த்திய ஏதோ ஒன்று. கடைச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். அதை யாரிடமும் கொடுப்பதில்லை என்று முதலாளி பெருமையாகவே சொன்னார்.

"இந்தக் கம்ப்யூட்டரோட லினக்ஸ் புதுசு, அறுபத்துநாலு பிட். தையல் மெஷினை ஓட்டுற டிரைவர் புரோகிராம் பழசு, முப்பத்திரண்டு பிட். ரெண்டுக்கும் ஒரே லைப்ரரி, அதாவது பொதுவான துணைக் கோப்பு, தனித்தனிப் பிரதியா இருக்கும். ஆனா ரெண்டு பிரதியும் ஒரே பதிப்பா இருக்கணும். யாரோ ஒண்ணை மட்டும் புதுசாக்கியிருக்காங்க. பழசு வெளியே போயிடுச்சு, அதை நம்பியிருந்த டிரைவரும் கூடவே போயிடுச்சு."

"யாரோன்னா? மருமகன்தான்," என்றார் கணவர்.

"கெடுக்க நினைச்சவர் டிரைவரை மட்டும் அழிச்சிருப்பார். புதுசு ஒண்ணை எதுக்குக் கொண்டு வரணும்?" அம்மாள் துணியை விலக்கினார். புதுப் பிரிண்டர். "இதுக்காகத்தான். கடை சாத்தின பிறகு, சாவி இருக்கிறவர் போட்டது. இன்னின்னது அழியும், சரியான்னு கம்ப்யூட்டர் கேட்டிருக்குமே, ஐயா?"

கேட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வரிவரியாக ஓடியதைப் படிக்காமல் 'ஆம்' என்று அடித்தது முதலாளிக்கு நினைவு வந்தது. அன்றைய தகராறும் நினைவு வந்தது. பழசும் புதுசும் சேர்ந்து ஓடுகிற கம்ப்யூட்டர், என்னைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள் மாமா என்றுதான் பையன் சொன்னான். எனக்கே புத்தி சொல்கிறாயா என்று இவர் குதித்தார். இப்போது அவரால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அம்மாள் முப்பத்திரண்டு பிட்டுக்கும் புதிய பதிப்பை இறக்கி, இரண்டு பிரதிகளையும் சமமாக்கி, டிரைவரைத் திரும்பப் போட்டார். ஊசி இறங்கித் தைக்கத் தொடங்கியது. முதலாளி அதை நிறுத்தச் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு மருமகனை அழைத்தார்.

"மாப்பிள்ளை, கெடுத்தது நான்தான். உங்களை எல்லார் முன்னாடியும் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

தையல்காரர்கள் தலை குனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வர்ற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க, மாமா."